ஜிரோனாவிலிருந்து ஒரு நாள் வட்டப் பாதை: சமவெளிக் கால்கள் தாங்குமா?

ஈசிஆர் விடியல்

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் முதல் வாரம் அலுவலக வேலையாக பார்சிலோனா செல்கிறேன். மனைவியும் உடன் வருகிறார். வியாழன் மதியத்தோடு வேலை முடிந்துவிடும். அன்று மாலையே ரயிலேறி ஜிரோனா போய், வெள்ளியும் சனியும் அங்கே தங்குவதாகத் திட்டம். அதில் ஒரு நாள் எனக்கும் சைக்கிளுக்கும். மறுநாள் நகரத்துக்கும் மனைவிக்கும். வீட்டில் கையெழுத்திடாத ஒப்பந்தம் இது.

நான் ஓட்டுவது சென்னையில். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்புவது ஞாயிற்றுக்கிழமை வழக்கம். 200 கிலோமீட்டர் பிரெவே (நேர வரம்புள்ள நெடுந்தூர ஓட்டம்) முடித்த அனுபவம் உண்டு; ஆகவே தூரம் என்னைப் பயமுறுத்தாது. ஏற்றம்தான் பயம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள முட்டுக்காடு பாலத்தை விட்டால் என்ன இருக்கிறது? ஏலகிரி ஏறியிருக்கிறேன். 14 வளைவுகளில் பாதியில் நின்று மூச்சு வாங்கியவன்தான்.

இணையத்தில் ஜிரோனா என்று தேடினால் எல்லாம் தொழில்முறை வீரர்கள் பயிற்சி செய்யும் மலைகளாகவே வருகின்றன. எனக்கு வேண்டியது வேறு. 60, 70 கிலோமீட்டர் வட்டம். போன வழியே திரும்பி வரக்கூடாது. கிராமங்கள், வயல், காடு, நடுவில் உட்கார்ந்து காபி குடிக்க ஓர் இடம். மதியம் இரண்டு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும். தனியாகத்தான் ஓட்டுவேன். சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழக்கமே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சைவம், முட்டை உண்டு.

அங்கே ஓட்டியவர்கள் யாராவது வழி சொல்வீர்களா?

மலைமுகடு

ஜிரோனா வரை போய்விட்டு ரோகாகோர்பா ஏறாமல் திரும்புவதா? ஏரிக்கரை ஊரான பான்யோலஸ் வரை சமதளம், அதன் பிறகு மலை. உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள், கீழே ஏரி. சில இடங்களில் சரிவு பத்து சதவீதத்தைத் தாண்டும். மெதுவாக ஏறினால் யாரும் ஏறலாம். வாழ்நாளில் எத்தனை முறை போகப்போகிறீர்கள்?

கவாரஸ்காரி

தம்பி, ரோகாகோர்பாவை விடுங்கள். அது முட்டுச்சாலை, ஏறிய வழியே இறங்க வேண்டும். நீங்கள் கேட்டது வட்டம். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். என் வேலை ஜிரோனாவில், வீடு பக்கத்து ஊரான க்வார்ட்டில். நான் சொல்லப்போகும் பாதை எங்கள் ஊர் வழியாகவே போகிறது என்பதால் என் பேச்சில் கொஞ்சம் ஊர்ப்பாசம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜிரோனாவுக்குத் தென்கிழக்கே லெஸ் கவாரஸ் என்று ஒரு தாழ்ந்த மலைத்தொடர் இருக்கிறது. அதிகம் போனால் ஐந்நூறு மீட்டர் சொச்சம் உயரம். ஒரு பக்கம் ஜிரோனா, மறுபக்கம் எம்போர்தா சமவெளி, அதற்கப்பால் கடல். இந்த மலையைத் தெற்கில் ஒரு முறை தாண்டி, சமவெளியில் கிராமங்களைத் தொட்டு, வடக்கில் இன்னொரு முறை தாண்டித் திரும்பினால் அதுவே உங்கள் வட்டம். ஜிரோனா, காஸா தெ லா செல்வா, சாந்தா பெலாயா, லா பிஸ்பால், மொனெல்ஸ், மத்ரமாஞா, எல்ஸ் ஆஞ்சல்ஸ், மறுபடி ஜிரோனா. எந்தக் கிளைச் சாலையில் புகுகிறீர்கள் என்பதைப் பொறுத்து 65 முதல் 70 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் 900 மீட்டரை ஒட்டி வரும். 900 என்றதும் பயப்பட வேண்டாம். அது இரண்டு தவணையாக வருகிறது, இரண்டுக்கும் நடுவே காபி இருக்கிறது.

முதல் பகுதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பெரிய அழகு இல்லை. ஜிரோனாவிலிருந்து காஸா வரை நெடுஞ்சாலையில் போகாதீர்கள். ஜிரோனாவுக்கும் கடற்கரை ஊரான சான் ஃபெலியுவுக்கும் இடையே 1892 முதல் 1969 வரை ஒரு குட்டி ரயில் ஓடியது. தண்டவாள இடைவெளி வெறும் 75 சென்டிமீட்டர். தண்டவாளத்தை எடுத்துவிட்டு அந்தத் தடத்தைச் சைக்கிள் பாதை ஆக்கியிருக்கிறார்கள். தார் கிடையாது, இறுக்கிய மண். மழை பெய்யாத நாளில் 28 மில்லிமீட்டர் டயர் தாராளமாகப் போகும். ரயில் ஏறிய தடம் என்பதால் ஏற்றம் தெரியவே தெரியாது. காஸா வரை கால்களைச் சூடாக்கிக்கொள்ள அது போதும். காஸா தக்கைத் தொழில் ஊர். மது பாட்டில்களுக்கு மூடி செய்யும் தொழிற்சாலைகள் இங்கே இருக்கின்றன. அந்தத் தக்கை எங்கிருந்து வருகிறது என்பதை அடுத்த ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே போவீர்கள்.

காஸாவில் ஜிஐ-664 என்ற சாலையைப் பிடியுங்கள். அதுதான் சாந்தா பெலாயா சாலை. இந்த வட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. உச்சியும் காட்சியும் பிறகு வரும், ஆனால் மிதிக்கும் இன்பம் இங்கே. மலை முகடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர். காஸாவே 130 மீட்டருக்கு மேல் இருப்பதால் நீங்கள் ஏறுவது இருநூறு மீட்டர் சொச்சம்தான். சராசரிச் சரிவு மூன்று, நான்கு சதவீதம். வளைவுக்குப் பின் வளைவு, ஒரு வளைவு முடியும் முன் அடுத்தது தெரியாது. வாகனம் மிகக் குறைவு. இரு பக்கமும் தக்கை மரக் காடு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பட்டை உரிப்பார்கள். ஒரு மரத்தில் உரித்துவிட்டால் மறுபடி கோடாரி வைக்கப் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நீங்கள் வரும் அக்டோபரில், அந்தக் கோடையில் உரித்த அடிமரங்கள் செங்காவி நிறத்தில் இருக்கும். கிளை பிரியும் இடத்துக்கு மேல் பழைய சாம்பல் பட்டை அப்படியே இருக்கும். வேட்டியை மடித்துக்கட்டிய ஆட்கள் காட்டுக்குள் நிற்பது போல எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

இந்த ஏற்றத்தில் ஒன்றே ஒன்று செய்யக்கூடாது. உங்களைக் கடந்து போகிறவர்களைத் துரத்தக்கூடாது. கடப்பார்கள், கட்டாயம் கடப்பார்கள். ஜிரோனாவில் பாதி ஊர் அதற்காகவே குடிவந்திருக்கிறது. அவர்கள் காற்றாகப் போகட்டும். நீங்கள் முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில், இருக்கையை விட்டு எழாமல், சின்ன கியரில் மிதியுங்கள். சமவெளி ஓட்டிகளுக்கு ஒரே வேகத்தில் நெடுநேரம் அழுத்தத் தெரியும். அதை வேகமானி காட்டும் எண்ணோடு ஒப்பிட்டு மனம் உடைந்து போவதுதான் அவர்கள் சிக்கல். 13, 14 என்று காட்டினால் காட்டட்டும். இங்கே மிச்சம் வைக்கும் பலம்தான் மதியம் எல்ஸ் ஆஞ்சல்ஸில் கைகொடுக்கும்.

சாந்தா பெலாயா என்பது ஒரு தேவாலயமும் சில வீடுகளும். கடை எதுவும் எதிர்பார்க்காதீர்கள். அங்கிருந்து எம்போர்தா பக்கம் நீண்ட இறக்கம், பயமில்லாத இறக்கம். சான் சதுர்னி வந்ததும் முடிவு செய்யலாம். களைப்பாக இருந்தால் அங்கிருந்தே மொனெல்ஸ் பக்கம் திரும்பிச் சில கிலோமீட்டரை மிச்சப்படுத்தலாம். நான் திரும்ப மாட்டேன். லா பிஸ்பால் வரை போவேன், ஏனென்றால் காபி அங்கே இருக்கிறது.

லா பிஸ்பால் மட்பாண்ட ஊர். அய்குவேத்தா தெருவில் வரிசையாகக் கடைகள்; சட்டி, தட்டு, ஓடு, மஞ்சளும் பச்சையுமாக மெருகு பூசிய கிண்ணங்கள். சைக்கிளில் வந்து தட்டு வாங்காதீர்கள், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சந்தை நாள். ஊர் நிரம்பி வழியும், உட்கார இடம் தேட வேண்டும், ஆனாலும் வெள்ளிக்கிழமையே வாருங்கள் என்பேன்.

அங்கிருந்து கோர்சா வரை பெரிய சாலை, சி-66. இந்த வட்டத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே துண்டு இது. லாரி வரும். ஓரத்தைப் பிடித்துச் சில நிமிடம் போனால் முடிந்துவிடும். கோர்சாவில் திரும்பியதும் மறுபடி வயல். உழுத செம்மண், காய்ந்த சூரியகாந்தித் தண்டுகள், தூரத்தில் ஒரு மணிக்கூண்டு. அதுதான் மொனெல்ஸ். வளைவுத் தூண்கள் சூழ்ந்த சதுக்கம் ஒன்று நடுவே இருக்கிறது. அந்தக் காலத்தில் பெரிய சந்தை கூடிய இடம். தானியம் அளக்க இந்த ஊருக்கென்றே தனி அளவை இருந்தது. படம் எடுக்க எல்லோரும் அங்கே நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள், ஆனால் தண்ணீர் நிரப்புவதை மறக்காதீர்கள்.

மத்ரமாஞா வந்ததும் இரண்டாம் ஏற்றம். ஜிஐவி-6703 சாலை, ஏழு கிலோமீட்டர் அளவில். ஊர் 180 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கிறது; உச்சியில் உள்ள தேவாலயம் 485 மீட்டரில். சராசரி நான்கு, ஐந்து சதவீதம். ஒரே சீராக ஏறும். சாந்தா பெலாயாவில் பலத்தை வீணடித்தவர்கள் இங்கே அழுவார்கள். முகட்டுக்கு வந்ததும் தேவாலயத்துக்குக் கிளைச் சாலை பிரிகிறது. அதை விட்டுவிட்டு நேராக ஜிரோனாவுக்கு இறங்கிவிடலாம், பலர் இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் போங்கள். தெளிவான நாளில் ஒரு பக்கம் பிரனீஸ் மலைகள், மறுபக்கம் ரோசஸ் வளைகுடா வரை தெரியும். ஓவியர் சல்வதோர் தாலி 1958 ஆகஸ்டில் காலாவை மதமுறைப்படி திருமணம் செய்தது இந்தத் தேவாலயத்தில்தான். பதிவுத் திருமணம் 1934-லேயே பாரிசில் முடிந்திருந்தது. இருபத்து நான்கு ஆண்டு கழித்து மலையேறி வந்து மறுபடி கட்டிக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஜிரோனா வரை பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுக்கு இறக்கம். கடைசியில் சான் தானியல் பள்ளத்தாக்கு வழியாக, நெடுஞ்சாலையைத் தொடாமலே, பழைய நகரத்தின் கல் தெருக்களுக்குள் வந்து விழுவீர்கள். அறை பழைய நகரத்தில் இருந்தால் சைக்கிளை விட்டு இறங்கியதும் குளியலறைதான்.

வடக்குக்காற்று

நான் எல்லைக்கு அந்தப் பக்கம், பிரான்சின் பெர்பின்யானில் இருக்கிறேன். இந்த வட்டம் எனக்கும் பழக்கம். அக்கா சொன்ன பாதையில் மாற்றுக் கருத்து இல்லை, திசையில் இருக்கிறது. எதிர்த்திசையில் போவதே நல்லது என்பேன். காலைக் குளிரில், உடம்பில் தெம்பு இருக்கும்போதே எல்ஸ் ஆஞ்சல்ஸை ஏறி முடித்துவிடலாம். ஜிரோனா பக்கத்திலிருந்து அந்த ஏற்றம் சுமார் பத்து கிலோமீட்டர். இன்னும் மென்மையானது, நிழல் அதிகம். பெரிய வேலை முதலில் முடிந்த நிம்மதியோடு கிராமங்களைப் பார்க்கலாம். கடைசியில் காஸாவிலிருந்து ரயில் தடம் வழியாக லேசான இறக்கம்.

இன்னொன்று, காற்று. திரமுந்தானா வடக்கிலிருந்து வீசும் நாளில் எம்போர்தா சமவெளியில் நேராக நிற்பதே கடினம். அந்த நாட்களில் எந்தத் திசையும் நல்ல திசை இல்லை. முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

கவாரஸ்காரி

காற்று பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கத்தலோனிய அரசின் வானிலைத் தளமான மெத்தியோகாட்டை முந்தைய இரவு பாருங்கள். அக்டோபர் இங்கே மழைக்காலமும் கூட. கிழக்கிலிருந்து கடல் மேகம் ஏறி வந்தால் ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிடும். அப்படியானால் அன்று நகரம் பாருங்கள். ஈர இலை படிந்த வளைவில் இறங்குவதைவிட ஓன்யார் ஆற்றங்கரையில் குடை பிடித்து நடப்பது மேல்.

திசையில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஜிரோனா பக்க ஏற்றம் மென்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தம்பி சமவெளியில் ஓட்டுகிறவர், மலையில் உடம்பைப் பழக்காதவர். அறையிலிருந்து கிளம்பிய சில நிமிடத்தில், கால் சூடாகும் முன்பே பத்து கிலோமீட்டர் ஏற்றம் என்றால் அவர் அதைப் பந்தயமாக்கிவிடுவார். சாந்தா பெலாயா அவருக்குப் பாடம் எடுத்துவிடும், மெதுவாக, அடிக்காமல். அதன் பிறகு எல்ஸ் ஆஞ்சல்ஸ் வரும்போது எப்படி ஏறுவது என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

முடிவையும் யோசியுங்கள். உங்கள் திசையில் போனால் கடைசி முக்கால் மணி நேரம் காஸாவிலிருந்து சலிப்பூட்டும் நேர்கோடு. மதிய வெயிலில், மண் பாதையில், நாய் நடத்துகிறவர்களுக்கும் குழந்தை வண்டிகளுக்கும் மணியடித்துக்கொண்டே. காலையில் அதே தடம் காலியாகக் கிடக்கும். என் திசையில் கடைசியில் இறக்கம். இதற்கு மேல் வாதம் வேண்டுமா?

வடக்குக்காற்று

வேண்டாம் அக்கா. ஆனால் மத்ரமாஞா ஏற்றத்தை மதியம் பன்னிரண்டரைக்கு ஏறும்போது தம்பி என்னை நினைத்துக்கொள்வார்.

தயிர்சாதப் பயணி

சைவம் பற்றி யாரும் பேசவில்லையே. நான் சைக்கிள் ஓட்டுவதில்லை. அந்தப் பகுதியில் காரில் சுற்றியிருக்கிறேன். முட்டை உண்டு என்றால் பட்டினி கிடக்க மாட்டீர்கள். ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெயும் உப்பும் போட்டுத் தருவார்கள். எல்லாக் கடையிலும் கிடைக்கும். அதோடு பாலாடைக்கட்டி கேளுங்கள், அல்லது உருளைக்கிழங்கு முட்டை அடை. அடையை ரொட்டிக்குள் வைத்தும் தருவார்கள். சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போக வசதி. சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்ந்த எஸ்கலிவாதா நம் ஆட்களுக்குப் பிடிக்கும், ஆனால் சில இடங்களில் மேலே நெத்திலி வைத்துவிடுவார்கள். வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லுங்கள்.

லா பிஸ்பாலில் பிஸ்பாலெங்க் என்று ஒரு பலகாரம். அடுக்கு மாவுக்குள் பூசணி இனிப்பு, மேலே பைன் கொட்டை. சைவமா என்று பார்வைக்குத் தெரியாது. அடுக்கு மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஈசிஆர் விடியல்

எல்லோருக்கும் நன்றி. அக்காவின் திசையிலேயே போகிறேன். வெள்ளிக்கிழமை சைக்கிள், சனி நகரம் என்று மனைவியிடம் அனுமதி வாங்கியாயிற்று.

இன்னும் சில சந்தேகங்கள். வழக்கம்போல் ஐந்தரைக்குக் கிளம்பலாமா? வாடகைச் சைக்கிள் எடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்? சட்டம் ஏதாவது தனியாக உண்டா? மனைவி சாதாரண சைக்கிள் மட்டும் ஓட்டுவார். காலையில் கொஞ்ச தூரம் அவரும் வர முடியுமா? தாலியின் மாளிகை ஏதோ வழியில் இருப்பதாக வரைபடம் காட்டுகிறது, அதையும் சேர்க்கலாமா?

கவாரஸ்காரி

ஐந்தரைக்குக் கும்மிருட்டு. அக்டோபர் தொடக்கத்தில் இங்கே சூரியன் எழுவது ஏறக்குறைய எட்டு மணிக்கு. உங்கள் பெயரில் உள்ள விடியலை இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். எட்டேகாலுக்குக் கிளம்பினால் பத்தரை, பதினொன்றுக்கு லா பிஸ்பால், ஒன்றரை இரண்டுக்குள் அறை. காலையில் குளிரும், கையுறையும் மெல்லிய காற்றுத் தடுப்புச் சட்டையும் போதும். லா பிஸ்பாலில் கழற்றி மடித்துக்கொள்வீர்கள், எல்ஸ் ஆஞ்சல்ஸ் இறக்கத்தில் மறுபடி போடுவீர்கள்.

சைக்கிளை வியாழன் மாலையே எடுத்துவிடுங்கள். கடைகள் பொதுவாக இரவு எட்டு வரை இருக்கும், ஆனால் மதியத்தில் மூடித் திறப்பவை உண்டு. முன்பதிவு செய்யும்போதே நேரம் கேளுங்கள். முன் பல்சக்கரங்கள் 50/34 பற்கள், பின்னால் பெரிய பல்சக்கரம் 32 அல்லது 34 பற்கள் இருக்கட்டும். பெடலை வீட்டிலிருந்து கொண்டுவருவது நல்லது, காலணியோடு பொருந்தும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பிரேக். சென்னையில் உங்கள் சைக்கிளில் வலக்கைப் பிடி முன்சக்கரத்துக்குப் போகும். இங்கே இடக்கைதான் முன்சக்கரம். பதறும் நேரத்தில் கை பழைய பழக்கத்தையே செய்யும். பின்சக்கரத்தை மெல்லப் பிடிப்பதாக நினைத்து முன்சக்கரத்தை இறுக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பி பிரேக் என்றால் கடையில் மாற்றித் தரச் சொல்லலாம். எண்ணெய் பிரேக் என்றால் பெரும்பாலும் முகம் சுளிப்பார்கள். மாற்ற முடியாவிட்டால் வியாழன் மாலை ஆற்றோரப் பூங்காவில் அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.

வலப்பக்கம் ஓட்டுவது நேர்சாலையில் பத்து நிமிடத்தில் பழகிவிடும். தடுமாறும் இடம் வேறு: காபி குடித்துவிட்டுக் காலியான தெருவில் மறுபடி ஏறும் கணம். எதிரே வண்டி இல்லாதபோது நம் மூளை தன்னிச்சையாக இடப்பக்கம் போகும். லா பிஸ்பாலிலும் மொனெல்ஸிலும் கிளம்பும்போது ஒரு முறை வாய்விட்டே "வலது" என்று சொல்லிக்கொள்ளுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். ரவுண்டானாவில் இடமிருந்து வரும் வண்டிக்கு வழிவிட்டு, வலப்பக்கமாக நுழைய வேண்டும்.

சட்டம் சைக்கிள்காரருக்குச் சாதகம்தான். ஊருக்கு வெளியே தலைக்கவசம் கட்டாயம். உங்களை முந்தும் வாகனம் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும், பெரும்பாலும் விடுவார்கள். ஒரு வளைவில் உங்கள் பின்னால் கார் பொறுமையாக ஊர்ந்து வந்தால் பதறி ஓரம் கட்டாதீர்கள். பாதை தெரியும்வரை காத்திருப்பது அவர்கள் வழக்கம். நம் ஊர்ப் பழக்கத்தில் கையசைத்து முன்னே போகச் சொல்வதும் வேண்டாம். நீங்கள் காணாத எதிர்வண்டிக்கு நீங்கள் பொறுப்பேற்காதீர்கள். மது அளவுச் சட்டம் சைக்கிளுக்கும் உண்டு, உங்களுக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். அவசர எண் 112.

வெள்ளிக்கிழமை என்று முடிவு செய்தது நல்லது. வார இறுதியில் இந்த வளைவுகளுக்கு மோட்டார் சைக்கிள்கள் வரும். இலையுதிர் காலத்தில் காட்டுப்பன்றி வேட்டையும் வார இறுதிகளில்தான் அதிகம். சாலையோரம் அறிவிப்புப் பலகை வைத்து, ஆரஞ்சு மேற்சட்டை போட்ட ஆட்கள் துப்பாக்கியோடு நிற்பார்கள். ஆபத்து இல்லை, ஆனால் முதல்முறை பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும்.

உங்கள் மனைவி தாராளமாக வரலாம். ரயில் தடம் அவருக்காகவே போட்டது. மின்சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள். காஸா வரை சேர்ந்து வந்து, அங்கே இருவரும் காலை உணவு சாப்பிட்டுவிட்டு, நீங்கள் மலைக்கு, அவர் திரும்பி ஜிரோனாவுக்கு. திரும்பும் வழியில் க்வார்ட்டில் இறங்கச் சொல்லுங்கள். லா பிஸ்பால் வண்ணப் பாண்டத்துக்கு என்றால், எங்கள் ஊர் கருப்புப் பாண்டத்துக்கு. சூளையில் புகையை அடைத்துச் சுடுவதால் வரும் கருப்பு. அவர் தட்டு வாங்கலாம், மின்சைக்கிளில் கூடை இருக்கும்.

தாலி மாளிகை என்று நீங்கள் பார்த்தது பூபோல் கோட்டை. தாலி அதைக் காலாவுக்குக் கொடுத்தார். 1982-இல் இறந்த காலாவின் கல்லறையும் அங்கேதான். மத்ரமாஞாவிலிருந்து தூரம் அதிகமில்லை, ஆனால் இந்த நாளில் சேர்க்காதீர்கள். உள்ளே போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், உடம்பு குளிர்ந்துவிடும், அதன் பிறகு ஏழு கிலோமீட்டர் ஏற்றம். தாலி வேண்டும் என்றால் சனிக்கிழமை காலை ஜிரோனாவிலிருந்து ரயிலில் ஃபிகேரஸ் போய் அங்குள்ள பெரிய அருங்காட்சியகத்தைப் பாருங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மதியம் திரும்பி வந்தாலும் கதீட்ரல் பார்க்க நேரம் இருக்கும்.

ஈசிஆர் விடியல்

மனைவி இதைப் படித்துவிட்டு, கூடையுள்ள சைக்கிளை இப்போதே முன்பதிவு செய்யச் சொல்கிறார். பிரேக் பற்றிக் கடைக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு சின்னக் கேள்வி: காஸாவுக்கும் லா பிஸ்பாலுக்கும் நடுவே தண்ணீர் கிடைக்குமா?

கவாரஸ்காரி

நம்பிப் போகாதீர்கள். காஸாவில் இரண்டு பாட்டிலையும் நிரப்பிக்கொள்ளுங்கள். காட்டோர ஊற்றுகள் வறண்டிருக்கும், ஓடினாலும் சுத்திகரிக்காத நீர் என்று பலகை இருக்கும். காபிக் கடையில் குழாய்த் தண்ணீர் கேட்டால் முகம் கோணாமல் நிரப்பித் தருவார்கள்.